கட்டணமில்லாக் கருவியும் கட்டற்ற கருவியும்: தமிழ் வகுப்பறை இணையப் பயன்பாடு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் கற்பித்தலில் கட்டணமின்றிக் கிடைக்கும் இணையக் கருவிகளின் பயன்பாட்டை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. கருவிகளைப் பட்டியலிடுவதை விடுத்து, கற்றலின் எப்பகுதிக்கு எக்கருவி துணைசெய்கிறது என்ற வினாவை இது முன்வைக்கிறது. நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் பாடங்கேட்டல் இயல்பு இதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. மூலபாடக் களஞ்சியங்கள், வினாடி வினாக் கருவிகள், கூட்டாக எழுதும் தளங்கள், விக்கித் திட்டங்கள் ஆகியன அவ்வளவுகோலால் மதிப்பிடப்படுகின்றன. தமிழ் எழுத்தமைப்பும் புணர்ச்சியும் இக்கருவிகளில் எழுப்பும் சிக்கல்கள் எடுத்துக்காட்டுகளுடன் விளக்கப்படுகின்றன. கட்டணமின்மையும் கட்டற்ற தன்மையும் வெவ்வேறானவை என்பதும், மாணவர் உழைப்பு நிலைத்து நிற்பதற்குப் பின்னதே துணையாவது என்பதும் கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: இணையவழிக் கற்பித்தல், கட்டற்ற மென்பொருள், நன்னூல், ஒருங்குறி, மதுரைத் திட்டம், விக்கிமூலம், மூலபாடம்.

முன்னுரை

தமிழகத்தில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பாடநூல்கள் விரைவுக் குறியீடுகளைத் தாங்கி வந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, அதுவரை ஒருசிலர் விருப்பத்தின்பேரில் கையாண்ட இணையக் கருவிகள் எல்லா ஆசிரியர்க்கும் கட்டாயமாயின. அக்காலந்தொட்டுத் தமிழாசிரியர்களுக்கான பயிலரங்குகளிலும் கருத்தரங்க மலர்களிலும் இணையக் கருவிகளை அறிமுகப்படுத்தும் கட்டுரைகள் பெருகியுள்ளன. அவற்றுள் பல, கருவியின் பெயரையும் அதில் கணக்குத் தொடங்கும் முறையையும் விளக்கி, இறுதியில் மாணவரின் ஆர்வம் பெருகும் என்ற உறுதிமொழியோடு நிறைவடைகின்றன. அறிமுகம் என்ற அளவில் அவை பயனுடையனவே. எனினும், ஆர்வம் பெருகியபின் மாணவர் எதைக் கற்றார் என்ற வினாவுக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. அவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளியாகும்.

இரு சொற்கள்

ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கும் இரு பொருள்களைத் தமிழ் வேறுபடுத்திக் காட்டுகிறது. விலை கொடாமல் பெறுவது கட்டணமில்லாதது. பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது கட்டற்றது. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று அழைத்துக்கொள்வது இப்பொருளிலேயாகும். கூகுள் படிவம், கூகுள் வகுப்பறை, கஹூட் முதலியவை கட்டணமின்றிக் கிடைக்கும் சேவைகள். அவற்றின் நிரலும் விதிகளும் நிறுவனத்தின் கையில் உள்ளன. மூடுல் என்னும் கற்றல் மேலாண்மை மென்பொருளோ 2002ஆம் ஆண்டு முதல் கட்டற்ற உரிமத்தில் வெளிவருகிறது. ஒரு கல்லூரி அதைத் தன் சொந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தமிழில் தெளிவான இரு சொற்கள் இருந்தும், கல்வியியல் கட்டுரைகள் இரண்டையும் 'இலவசம்' என்ற ஒன்றினுள் அடக்கிவிடுகின்றன. அதன் விளைவை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

அளவுகோல்: நன்னூலின் நான்கு கால்கள்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூலின் இயல்பு, ஆசிரியர் இயல்பு, பாடஞ்சொல்லும் இயல்பு, மாணவர் இயல்பு, பாடங்கேட்கும் இயல்பு ஆகியவற்றை முறையாக வகுத்துரைக்கிறார். பாடங்கேட்டலின் இறுதியில் அவர் ஒரு கணக்கைத் தருகிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவர்க்குக் கிடைப்பது அறிவின் காற்பங்கே. உடன் கற்பாரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைப்பதால் வருவது.

இக்கணக்கு அளந்தறிந்த புள்ளிவிவரம் அன்று என்பது வெளிப்படை. ஆயினும் கற்றலின் எடை எங்கே விழுகிறது என்பதைப் பற்றிய தெளிவான நிலைப்பாடு அதில் உள்ளது. கேட்டல், கூடிப் பயிலல், எடுத்துரைத்தல் என்னும் மூன்று நிலைகளில் கடைசி நிலையே முன்னவை இரண்டுக்கும் ஈடானது. மேலும், வினா எழுப்புவதையும் எழுப்பிய வினாக்களுக்கு விடை கூறுவதையும் நன்னூல் மாணவரின் கடமைகளாகவே வைக்கிறது. இன்றைய இணையக் கருவிகளை இவ்வளவுகோலில் வைத்துப் பார்க்கையில், அவற்றின் பயன்பாடு முதற்காலிலேயே பெரிதும் தேங்கியிருப்பது புலனாகிறது.

முதற்கால்: மூலபாடக் களஞ்சியங்கள்

தமிழ் இலக்கிய வகுப்புக்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் வளங்களில் மூலபாடக் களஞ்சியங்கள் தலையாயவை. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டுப் படைப்புகள்வரை மின்பதிப்பாக்கித் தந்துள்ளது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர்பெற்ற நிறுவனத்தின் மின்னூலகம் மூலத்தோடு உரைகளையும் அகராதிகளையும் வழங்குகிறது. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தும் நூலகம் திட்டம் 2005 முதல் இயங்கிவருகிறது. ஈழத்து இலக்கியத்தைப் பாடமாகக் கொண்ட தமிழகக் கல்லூரி ஒன்றுக்கு, நூற்கடைகளில் கிடைக்காத பதிப்புகள் அங்குதான் கிடைக்கின்றன. 1924 முதல் 1936 வரை தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் திட்டம் தேடத்தக்க வடிவில் தந்துள்ளது.

இவ்வளங்களின் அருமையை எவரும் மறுக்கவியலாது. ஆனால் வகுப்பறையில் இவற்றைக் கையாளும்போது இரு இடர்கள் தோன்றுகின்றன.

முதலாவது, பதிப்பு பற்றிய உணர்வு மங்குதல். உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சுவடிகளில் கண்ட பாடவேறுபாடுகளைப் பதிவுசெய்தார். அச்சுநூலைக் கையில் வைத்திருக்கும் மாணவர் அடிக்குறிப்பையேனும் காண்பார். மின்பதிப்பிலிருந்து நான்கு அடிகளைப் படியெடுத்து ஒட்டும் மாணவர்க்கு, அப்பாடம் எப்பதிப்பைச் சார்ந்தது என்ற எண்ணமே எழுவதில்லை. மதுரைத் திட்டத்தின் கோப்புகள் தம் முகப்பில் மூலநூல், உள்ளிட்டோர், மெய்ப்புப் பார்த்தோர் ஆகியோர் பற்றிய குறிப்பைத் தாங்கியுள்ளன. படியெடுப்பில் விடுபடுவது அம்முகப்பே. எனவே மின்பதிப்பிலிருந்து மேற்கோள் தரும் மாணவர் அதன் மூலப்பதிப்பையும் குறிப்பிட வேண்டும் என்ற ஒரு விதியே பெரும் பயன் தரும்.

இரண்டாவது, தேடலின் எல்லை. அகராதி தலைச்சொல்லை வைத்துத் தேடுவது. மாணவர் கையில் இருப்பதோ பாட்டில் புணர்ந்து நிற்கும் சொல். யாப்புக்கேற்பச் சீர் பிரித்து அச்சிடப்பட்ட அடியில் ஒரு சொல் இரு சீர்களாக உடைந்தும், இரு சொற்கள் ஒரு சீராக இணைந்தும் நிற்கும். பதம் பிரிக்கத் தெரியாதவர்க்குப் பேரகராதி திறவாத கதவே. ஆகவே, தேடுகருவி இலக்கணப் பயிற்சியின் தேவையைக் குறைக்கவில்லை. மாறாக, அதனை முன்நிபந்தனையாக்குகிறது. ஓர் அடியைத் தந்து, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் கண்டெடுக்கும் வடிவத்துக்குக் கொண்டுவரச் செய்வது புணர்ச்சியைக் கற்பிக்கும் மிகச்சிறந்த பயிற்சிகளுள் ஒன்றாகும்.

வினாடி வினாக் கருவிகள்: யார் வினவுகிறார்?

இணையவழிக் கற்பித்தலில் மிகுதியாகப் பயன்படுபவை வினாடி வினாக் கருவிகளே. அவற்றின் குறைகள் தமிழ் வகுப்பில் தனித்து வெளிப்படுகின்றன.

கூகுள் படிவத்தில் குறுவிடை வினாவுக்குத் தானியங்கி மதிப்பெண் அமைக்கையில், ஆசிரியர் முன்கூட்டியே தந்த விடைகளுள் ஒன்றோடு மாணவர் விடை எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஆசிரியர் 'வேற்றுமைத் தொகை' என இடைவெளியிட்டு அமைத்திருக்க, ஒருவர் 'வேற்றுமைத்தொகை' எனச் சேர்த்து எழுதுகிறார். மற்றொருவர் 'வேற்றுமை தொகை' என ஒற்றின்றி எழுதுகிறார். முன்னவர் விடையில் பிழையில்லை. பின்னவர் விடையில் வலிமிகும் இடம் தவறியுள்ளது. கருவி இருவர்க்கும் ஒரே முடிவைச் சொல்கிறது: தவறு. மாற்று விடைகளையெல்லாம் ஆசிரியர் முன்னரே உள்ளிட்டால் முன்னவர் தப்பலாம். ஆனால் பின்னவர் எங்கே தவறினார் என்பதைக் கருவி அவர்க்குச் சொல்லப்போவதில்லை. ஆசிரியர் சிவப்பு மையால் இடும் ஒரு 'த்' செய்யும் வேலை அங்கே நிகழ்வதில்லை.

கஹூட் போன்ற விளையாட்டு வடிவக் கருவிகளில் விரைவும் மதிப்பெண்ணாகிறது. சரியான விடையை முந்தித் தருபவர் மிகுதியான புள்ளி பெறுவது அதன் இயல்பான அமைப்பாகும். ஒரு நூலின் ஆசிரியர் பெயர் போன்ற நினைவுச் செய்திகளுக்கு இது பொருந்தும். ஒரு பாடலில் உள்ளுறை அமைந்துள்ள விதத்தை உணர்வதற்கு விரைவு பகையாகும். கருவியின் வடிவம் வினாவின் வகையைத் தீர்மானிப்பதால், நாளடைவில் வகுப்பில் கேட்கப்படும் வினாக்களே நினைவுச் செய்தி வினாக்களாகச் சுருங்கும் ஆபத்து உண்டு.

இவற்றினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. நன்னூல் வகுத்த முறையில் வினாவுதல் மாணவர் செயல். வினாடி வினாவில் வினாவுவது கருவி. மாணவர் நான்கினுள் ஒன்றைத் தொடுகிறார். இதனை மாற்றுதல் அரிதன்று. வினாத்தாளை அமைக்கும் பொறுப்பை மாணவர் குழுவிடமே ஒப்படைத்தால் போதும். பொருந்தாத மூன்று விடைகளைப் பொருந்துவன போலத் தோன்றுமாறு எழுதுவதற்குப் பாடத்தை ஆழ்ந்து கற்றாக வேண்டும். அதே கருவி அப்போது எடுத்துரைத்தலின் பக்கம் நகர்கிறது.

எழுத்தும் குறியீடும்

தமிழ் மாணவரும் கணினியும் 'எழுத்து' என்பதை ஒன்றாக எண்ணுவதில்லை. 'அம்மா' என்பது இலக்கணப்படி மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கும் கருவிகள் பல இக்குறியீடுகளையே எண்ணுவதால், ஆங்கில வினாவுக்குப் போதுமான இடம் தமிழ் வினாவுக்குப் போதாமற்போகிறது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியீடு தரும் 16 பிட் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஒருங்குறியோடு தமிழ்நாடு அரசு 2010இல் தரமாக ஏற்றது. எனினும் நாள்தோறும் நாம் பயன்படுத்தும் கைப்பேசிகளும் இணையமும் ஒருங்குறியிலேயே இயங்குகின்றன.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிக் கணினிக்கு வேறாகும் வடிவங்களும் உள்ளன. 'ஔவையார்' என்பதை 'ஒளவையார்' என ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து உள்ளிடும் வழக்கம் பரவலாக உள்ளது. திரையில் வேறுபாடு அரிதாகவே தெரியும். தேடலில் ஒன்று மற்றொன்றைக் காட்டித் தராது. தமிழ் எண் ௭ எகரத்தைப் போலவும், ௧ ககரத்தைப் போலவும் தோன்றி இதே குழப்பத்தை விளைக்கின்றன. ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம். கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். ஒருங்குறித் தரம் இரண்டையும் நிகரானவை என்று கொண்டாலும், அந்நிகர்ப்பாட்டைச் செய்யாத கருவிகள் சரியான விடையையும் தவறெனத் தள்ளும்.

இவை தொழில்நுட்பக் குறைகள் என்று ஒதுக்கத்தக்கன அல்ல. சரியாக எழுதிய மாணவர் ஒருவர் தவறு எனத் திரையில் காணும்போது, அவர் ஐயுறுவது கருவியை அன்று, தம் தமிழறிவையே. உயிர், மெய், உயிர்மெய் ஆகியவற்றைக் கற்பிக்கும் வகுப்பிலேயே கணினி எழுத்தை எவ்வாறு சேமிக்கிறது என்பதையும் காட்டினால், இக்குறை பாடமாக மாறும். உயிர்மெய்யை மெய்யும் உயிரும் கூடியதாகக் காணும் நம் இலக்கணமும், அகரமேறிய மெய்யோடு குறி சேர்வதாகக் காணும் ஒருங்குறியும் எங்கே ஒத்து எங்கே வேறுபடுகின்றன என்பது சிந்தனைக்குரிய பொருளாகும்.

இரண்டாங்கால்: கூடிப் பயிலல்

ஒரே ஆவணத்தில் பலர் எழுதும் கருவிகள் கூடிப் பயிலலுக்கு ஏற்றவை. ஒரு குறட்பாவுக்கு மணக்குடவர், பரிமேலழகர் ஆகியோர் உரைகளை எடுத்துக்கொள்வோம். ஐவர் கொண்ட குழுவில் இருவர் ஆளுக்கோர் உரையைத் தம் நடையில் சுருக்குவர். ஒருவர் அருஞ்சொற்பொருளைத் தொகுப்பர். ஒருவர் உரைகள் வேறுபடும் இடங்களைக் குறிப்பர். ஒருவர் எவ்வுரை ஏற்புடையது என வழக்குரைப்பர். ஆவணத்தின் திருத்த வரலாறு யார் எதை எழுதினார் என்பதைக் காட்டுவதால், குழுப்பணியில் ஒருவரே உழைக்கப் பிறர் பெயர்பெறும் பழைய குறை ஓரளவு நீங்குகிறது. இதற்கு ஐந்து கைப்பேசிகள் தேவையில்லை. குழுவுக்கு ஒன்று போதும்.

மூன்றாம் நான்காம் கால்கள்: எடுத்துரைத்தல்

கற்றதை உலகோர்க்கு எடுத்துரைக்கும் வாய்ப்பை விக்கித் திட்டங்கள் தருகின்றன. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பல விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டுள்ளன. அச்சுப்பக்கத்தின் படிமம் ஒருபுறமும், இயந்திரம் படித்தெடுத்த எழுத்து மறுபுறமும் நிற்கும். இயந்திரம் ரகரத்தையும் துணைக்காலையும் மயங்கியிருக்கும், ஒற்றுகளைத் தவறவிட்டிருக்கும். மெய்ப்பு பார்க்கப்படாத பக்கம் சிவப்பாகவும், ஒருவர் மெய்ப்பு பார்த்தது மஞ்சளாகவும், வேறொருவர் சரிபார்த்தது பச்சையாகவும் காட்டப்படும். தம் பணியைத் தாமே சரிபார்த்துப் பச்சையாக்க இயலாது. ஒற்றுப்பிழை, ரகர றகர வேறுபாடு, ணகர னகர வேறுபாடு ஆகியவற்றைக் கற்பிக்க இதனினும் சிறந்த பயிற்சித்தாளை எந்த நிறுவனமும் விற்கவில்லை. பயிற்சி முடிந்தபின் மாணவரின் உழைப்பு ஒரு நூலின் செம்பதிப்புப் பக்கமாக நிலைபெறுகிறது.

2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவில் மாணவர் எழுதிய முன்மாதிரியும் உண்டு. 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி மாணவர்க்கான கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. சான்று காட்டுதல், நடுநிலை நடை, உரையாடல் பக்கத்தில் மறுப்புக்கு விடையளித்தல் ஆகியவை ஆய்வு நெறியின் தொடக்கப் பாடங்களே. ஓர் எச்சரிக்கையும் தேவை. அதே காலப்பகுதியில் இயந்திர உதவியோடு ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கட்டுரைகளின் இயல்பற்ற நடை, தன்னார்வலர்க்குப் பெருஞ்சுமையானது. மதிப்பெண்ணுக்காக ஒரு வகுப்பே இயந்திர மொழிபெயர்ப்பை ஏற்றினால் அச்சுமை மீண்டும் நேரும். முதலில் தனிப்பயனர் மணல்தொட்டியில் எழுதி, ஆசிரியர் பார்த்தபின் வெளியிடுவதே முறையாகும்.

மூடப்படும் கதவுகள்

கட்டணமின்மைக்கும் கட்டற்ற தன்மைக்கும் உள்ள வேறுபாடு இங்கே முழுமையாகப் புலப்படுகிறது. உலகெங்கும் ஆசிரியர்கள் வகுப்புத் தளங்களாகப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018இல் வகுப்பறைச் சேவையை நிறுத்தியது. பள்ளிகள் பலவற்றில் பரவியிருந்த எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுளின் ஜாம்போர்டு என்னும் மின்பலகை 2024 இறுதியோடு நின்றது. கட்டணமின்றித் தரப்பட்ட சேவையைத் தொடர்ந்து தருவதற்கு நிறுவனம் கடமைப்பட்டிருக்கவில்லை. முன்னறிவிப்பின்படி கோப்புகளைத் தரவிறக்கிக்கொள்ளாத ஆசிரியரின் பாடங்களும் மாணவரின் எழுத்துகளும் அழிந்தன.

விக்கிமூலத்தின் நிலை வேறு. அதன் உள்ளடக்கத்தைப் படியெடுத்து வேறிடத்தில் வைக்க எவர்க்கும் உரிமை உண்டு. மூடுலில் அமைத்த பாடத்தைக் காப்புக்கோப்பாக எடுத்து வேறொரு கணினியில் நிறுவலாம். மதுரைத் திட்டக் கோப்பு ஒவ்வொருவர் கணினியிலும் வாழ்கிறது. ஒரே சுவடியை நம்பியிராமல் படியெடுத்துப் பரப்பியதால் தப்பிய நூல்களின் வரலாறு தமிழ்க்குப் புதிதன்று.

செலுத்தப்படும் விலை

கட்டணமில்லாக் கருவிக்கும் விலை உண்டு. கருவி, மின்சாரம், தரவுக் கட்டணம் ஆகியவற்றை மாணவர் குடும்பம் சுமக்கிறது. காணொளிப் பாடம் ஒன்றுக்குச் செலவாகும் தரவில் எழுத்துக்கோப்புகள் பல நூறு இறங்கும். இவ்வகையில் எளிய எழுத்துக்கோப்பே சமத்துவம் மிக்க கருவி.

மற்றொரு விலை தன்விவரம். கணக்குத் தொடங்கும்போது பெயரும் மின்னஞ்சலும், பயன்படுத்தும்போது பழக்கங்களும் பதிவாகின்றன. இந்தியாவின் மின்னணுத் தன்விவரப் பாதுகாப்புச் சட்டம் 2023, பதினெட்டு வயது நிரம்பாதோரைக் குழந்தைகள் என வரையறுத்து, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. மேனிலைப் பள்ளி மாணவரும் கல்லூரி முதலாண்டு மாணவருள் ஒருசாராரும் இவ்வரையறைக்குள் வருவர். ஆசிரியர் ஆணையால் மாணவர் கணக்குத் தொடங்கும் நிலையில், அவ்வாணைக்குரிய பொறுப்பும் ஆசிரியர்க்கும் நிறுவனத்துக்கும் உண்டு. கணக்கின்றிப் பயன்படும் கருவி இருக்கையில் அதனைத் தேர்வதே தக்கது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

1. கட்டணமில்லா இணையக் கருவிகளின் பயன்பாடு தமிழ் வகுப்பில் பெரும்பாலும் கேட்டல் என்னும் முதற்காலில் நின்றுவிடுகிறது. கருவியின் தகுதியை அதன் புதுமையால் அளவிடாது, மாணவரை எடுத்துரைக்கும் நிலைக்கு அது கொண்டுசெல்கிறதா என்பதால் அளவிட வேண்டும்.

2. தானியங்கி மதிப்பீடு தமிழின் புணர்ச்சியையும் எழுத்தமைப்பையும் அறியாது. குறுவிடைகளை ஆசிரியர் கண்கொண்டு பார்க்காமல் மதிப்பெண் வழங்குதல் கூடாது.

3. மின்பதிப்பைக் கையாளும் மாணவர்க்குப் பதிப்புணர்வும் பதம் பிரிக்கும் பயிற்சியும் முன்னரே தரப்பட வேண்டும்.

4. சிலநாட் பயிற்சிக்குக் கட்டணமில்லாச் சேவைகள் போதும். நிலைத்து நிற்க வேண்டிய மாணவர் உழைப்பைக் கட்டற்ற தளங்களில் வைத்தலே பாதுகாப்பு.

மதுரைத் திட்டம், நூலகம், விக்கிமூலம் ஆகிய மூன்றும் ஊதியம் பெறாதோர் உழைப்பால் எழுந்தவை. அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள மட்டுமே நம் வகுப்பறைகள் பழகியுள்ளன. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு ஒரு நூலையேனும் மெய்ப்புப் பார்த்துத் திருப்பித் தருமாயின், மாணவர்க்கு மொழிப்பயிற்சியும் அடுத்த தலைமுறைக்கு நம்பத்தக்க மூலபாடமும் ஒருசேரக் கிட்டும். பாடத்திட்டக் குழுக்கள் இதனை அகமதிப்பீட்டின் ஒரு பகுதியாக ஏற்பது குறித்து எண்ணிப்பார்க்க வேண்டும்.